அத்தியாயம் 7: ஹெரால்டுக்குப் புது ஃபேன் பெல்ட்

எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். ஆறியிருந்தால் பானட்டைத் திறந்து, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஃபேன் பெல்ட்டைப் பிடித்து லேசாகத் திருகி, டார்ச் வெளிச்சத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாம் மேலிருந்து தினமும் பார்ப்பது பெல்ட்டின் முதுகு. அது பல வருஷம் புதுசு போலவே இருக்கும். விரிசல் விழுவது அடியில். தேய்வதும் பளபளப்பு ஏறுவதும் இரண்டு பக்கவாட்டுகளில். முதுகைப் பார்த்து நல்ல பெல்ட் என்று நம்பி, மே மாத வெயிலில் குரோம்பேட்டை சிக்னலில் டாஷ்போர்டு சிவப்பு விளக்கோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன்.

இன்றைய மெக்கானிக் இதை ஆல்டர்னேட்டர் பெல்ட் என்பார். பழைய கை என்றால் டைனமோ பெல்ட் என்பார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஃபேன் பெல்ட் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பழைய வண்டியில் மூன்றும் ஒன்றே. எஞ்சினின் முன்பக்கம் கீழே இருக்கும் கிராங்க் புல்லி சுழல, அதோடு இந்த ஒரே பெல்ட் வாட்டர் பம்ப்பையும், ரேடியேட்டர் விசிறியையும், கரண்ட் எடுக்கும் டைனமோவையும் சேர்த்துச் சுழற்றுகிறது. அதனால் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் நிற்பது மட்டும் அல்ல, தண்ணீர் ஓட்டமும் காற்றும் ஒரே நொடியில் நின்றுபோகும். பேட்டரியை வைத்துக்கொண்டு பகலில் வீடு வந்து சேரலாம். தண்ணீர் ஓடாத எஞ்சினை வைத்துக்கொண்டு வர முடியாது. ஹெட் கேஸ்கட் போகும், அதற்கு மேலும் ஓட்டினால் ஹெட்டே வளையும். சில நூறு ரூபாய் ரப்பரை நம்பி இத்தனையும் நிற்கிறது.

இந்த அத்தியாயத்துக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது இந்த ஊர்ப் பிள்ளை. தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் டென், 1961 முதல் ஹெரால்டு. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து, 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் பெயரில் வந்த வண்டிதான் அது. இரண்டு கதவு போதவில்லை என்று நம் குடும்பங்களுக்காக 1968இல் நான்கு கதவு ஹெரால்டு இங்கே செய்தார்கள். அப்படி ஒன்று இங்கிலாந்திலேயே கிடையாது. 1972இல் கஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து, 1988இல் உற்பத்தியே நின்றது. அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகளும் கம்ப்யூட்டர் அலுவலகங்களும். வண்டிகள் மட்டும் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் ஏதோ ஒரு வீட்டுக் கார் ஷெட்டில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. பெல்ட் வேலை தெரிந்த பிள்ளை ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் அந்த மூச்சு நிற்காது.

அம்பாசடர் வைத்திருப்பவர்களும் இதையே படித்துச் செய்யலாம். போல்ட் இருக்கும் இடமும் அளவும் மாறுமே தவிர, முறை ஒன்றுதான்.

பெல்ட் எங்கே பிடிக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக வரும். பெல்ட்டை வெட்டிப் பார்த்தால் மேலே அகலம், கீழே குறுகல், ஆப்பு போல இருக்கும். புல்லியில் இருக்கும் பள்ளமும் அதே வடிவம். இழுவை ஏறும்போது ஆப்பு பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டு பக்கச் சுவர்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. பிடிப்பு முழுவதும் பக்கவாட்டில். பெல்ட்டின் அடி, பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் ஆப்பு இறங்க இடம் இல்லை, பிறகு எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும்.

எனவே பழைய பெல்ட்டைக் கழற்றியதும் புல்லிப் பள்ளத்தின் தரையைப் பாருங்கள். மங்கலாக, கொஞ்சம் அழுக்கோடு இருந்தால் நல்லது. கண்ணாடி போலப் பளபளத்தால் ஒன்று பெல்ட் தேய்ந்து உள்ளே இறங்கியிருக்கிறது, அல்லது அகலம் குறைந்த பெல்ட்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள், அல்லது புல்லியே தேய்ந்துவிட்டது. புதுப் பெல்ட் சரியாக உட்கார்ந்தால் அதன் முதுகு புல்லி விளிம்போடு ஏறத்தாழ சமமாக நிற்கும்.

மூன்று புல்லிகளில் டைனமோ புல்லிதான் சிறியது. பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் தூரமும் குறைவு. வழுக்கல் எப்போதும் அங்கேதான் தொடங்கும்.

சத்தமும் விளக்கும்

காலையில் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் கிரீச்சென்று நீளமாகக் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. ராத்திரி ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட பிறகு கத்தல் கூடினால் சந்தேகமே வேண்டாம், டைனமோவின் சுமையை பெல்ட் தாங்கவில்லை. சின்னக் குருவி போல விட்டுவிட்டு சிக் சிக் என்று வந்தால் அது வேறு நோய். புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். எது என்று தெரியாவிட்டால், எஞ்சின் ஓடும்போது கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, பாட்டில் மூடியில் குத்திய ஓட்டை வழியே பெல்ட்டின் உள்பக்கம் சில சொட்டுத் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினால் கோணல். இன்னும் கூடினால் தொய்வு.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு ஐடிலிங்கில் லேசாக மினுக்கினால் டைனமோ வண்டிக்கு அது இயல்பு. வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். ஓடும் வேகத்தில் திடீரென்று முழுசாக எரிந்தால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஜி.எஸ்.டி. சாலையில் ஓரம் கட்ட இடம் தேடியே அரைக் கிலோமீட்டர் போய்விடும். அதற்கு மேல் போகாதீர்கள்.

கத்துகிற பெல்ட்டுக்கு சோப்புக் கட்டி தேய்ப்பது, மெழுகு தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் நம் ஊரில் நடக்கிறது. சோப்பு ஒரு நாள் வாயை மூடும், வழுக்கல் அப்படியே இருக்கும். எண்ணெய் வகை எதுவும் பட்டால் ரப்பர் ஊறி உப்பிப்போகும். எதையும் தேய்க்க வேண்டாம்.

பழைய காருக்கு கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கும் வண்டி வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுமா? ஆனால் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் பெல்ட், புல்லியைச் சுற்றிய வளைவிலேயே விறைத்துப்போகும். ஐந்து வருஷம் ஆனால், விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் மாற்றிவிடுவேன்.

வாங்கும்போது

பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோவது நல்ல பழக்கம். ஆனால் அதையே அளவுகோலாக நம்பாதீர்கள். இந்த வண்டிகள் ஐந்தாறு கை மாறி வந்தவை. முன்னவர் கிடைத்ததை மாட்டியிருக்கலாம், புல்லியையே மாற்றியிருக்கலாம். நீங்களே அளந்துவிடுங்கள்: டைனமோவை, அதை நகர்த்தப் பட்டையில் இருக்கும் ஸ்லாட்டின் நடுவில் நிறுத்தி, நீளாத சணல் கயிற்றை மூன்று புல்லிகளின் வெளிவிளிம்பையும் சுற்றி இறுக்கிப் பிடித்து, கயிறு சந்திக்கும் இடத்தில் மையால் குறியிட்டு, விரித்து அளக்க வேண்டும். அது வெளிச்சுற்று நீளம். புல்லியின் வாயகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். சாதாரணமாக 10 மில்லிமீட்டர், அல்லது 13 மில்லிமீட்டர் அகல பெல்ட் பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. மோட்டார் பெல்ட்டுகளில் வெளிச்சுற்று மில்லிமீட்டரில் இருக்கும். ஹார்டுவேர் கடையில் கம்ப்ரசருக்கும் மாவு மில்லுக்கும் விற்கும் 'ஏ' வகை பெல்ட்டுகளில் உள்சுற்று அங்குலத்தில் இருக்கும். ஒரே பெல்ட்டின் உள்சுற்றுக்கும் வெளிச்சுற்றுக்கும் ஏறத்தாழ 2 அங்குல வித்தியாசம் உண்டு. எந்த அளவைச் சொல்கிறோம் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால், மாட்டவே முடியாத பெல்ட்டோ இழுத்தும் தொங்குகிற பெல்ட்டோ வீட்டுக்கு வரும். மாவு மில் பெல்ட், அளவு பொருந்தினாலும் வேண்டாம். எஞ்சின் சூட்டுக்கும் சின்னப் புல்லியின் வேகத்துக்கும் செய்தது அல்ல அது. உள்பக்கம் பல் வெட்டிய மோட்டார் பெல்ட் கிடைத்தால் அதையே எடுங்கள். சின்னப் புல்லியில் சுலபமாக வளையும், சூடும் குறைவு.

தாம்பரம் மேற்கில் முடிச்சூர் ரோடு, கிழக்கில் வேளச்சேரி ரோடு பக்கமுள்ள கடைகளில் மதுரையில் ஆலை வைத்திருக்கும் ஃபென்னர் போன்ற கம்பெனிப் பெல்ட்டுகள் அளவு சொன்னால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஹெரால்டுக்கே உரிய புல்லி, டைனமோ பிராக்கெட், ஸ்லாட் பட்டை போன்ற இரும்புச் சாமான்களுக்குப் புதுப்பேட்டை. ஆனால் புதுப்பேட்டையில் பெல்ட் வாங்காதீர்கள். அட்டைப் பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று காட்டினாலும், பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஆகும். பின்பக்கம் வளைத்துப் பார்த்தால் நுண்ணிய விரிசல்கள் சொல்லிவிடும்.

இரண்டு பெல்ட் வாங்குங்கள். ஒன்று எஞ்சினுக்கு, ஒன்று டிக்கிக்கு.

சாமான்கள்

ஹெரால்டின் நட்டு போல்ட்டுகள் அங்குல அளவு. ஏ.எஃப் ஸ்பானர் செட் வேண்டும்: ஏழு-பதினாறு, அரை, ஒன்பது-பதினாறு. பட்டறைகளில் அரை அங்குலத்துக்கு 13 நம்பர் ஸ்பானரைப் போட்டு வேலை முடிப்பார்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதனால் 13 உட்காரும், ஆனால் ஆட்டத்தோடு உட்காரும். துருப்பிடித்த போல்ட்டில் அழுத்தினால் மூலைகள் மழுங்கிப்போகும். நாற்பது வருஷம் பலர் இப்படி மழுக்கியதைத்தான் இன்று நாம் கழற்ற முடியாமல் தவிக்கிறோம். புது செட் வாங்கத் தயக்கமாக இருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் சந்தைக்குப் போங்கள். பழைய இங்கிலீஷ் ஸ்பானர்கள் குவியலில் கிடக்கும். பொறுமையாகக் கிளறினால் நல்ல எஃகு கிடைக்கும்.

கூடவே துருவுக்கு விடும் எண்ணெய், ஒரு சுத்தியலின் மரக்காம்பு, கெட்டி அட்டை ஒன்று, இரும்பு ஸ்கேல், எமரித் தாள், கொஞ்சம் எஞ்சின் ஆயில், மல்ட்டிமீட்டர், கந்தல் துணி. இவ்வளவு போதும்.

வேலை

முந்தின நாள் ராத்திரியே டைனமோவைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளுக்கும் துரு எண்ணெய் விட்டுவிடுங்கள். காலையில் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டின் பானட் திறக்கும் அழகைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து எழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம், முதுகு வளைய வேண்டியதில்லை. நிறுத்துக் கம்பி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். காற்று அடிக்கும் நாளில் அந்தப் பெரிய பானட் தலையில் விழுந்தால் சாதாரண அடி அல்ல.

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். எது எர்த் என்று பார்த்துக் கழற்ற வேண்டும். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனையே பாடியில் எர்த் ஆகியிருக்கும். பாடிக்குப் போகும் கேபிள் எதுவோ அதுதான்.

ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே அட்டையைச் செருகுங்கள். ஸ்பானர் நழுவினால் கை ரேடியேட்டரில் போகாது, ரேடியேட்டரின் மெல்லிய தகடும் மடங்காது.

டைனமோ மூன்று இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் முன்னும் பின்னும் இரண்டு போல்ட்டுகள், கதவுக் கீல் போல. மறுபக்கம் நீள ஸ்லாட் உள்ள வளைந்த பட்டையில் ஒரு போல்ட். அந்தப் பட்டையின் மறுமுனை எஞ்சினில் இன்னொரு போல்ட்டில் நிற்கிறது. நான்கையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். பலர் ஸ்லாட் போல்ட்டை மட்டும் தளர்த்திவிட்டு, டைனமோ நகரவில்லையே என்று லீவர் போட்டு நெம்புவார்கள். கீல் போல்ட்டுகள் இறுகியிருக்கும்போது நெம்பினால் அலுமினிய முன்மூடியின் காது உடையும். அந்தக் காது உடைந்த டைனமோக்கள் புதுப்பேட்டையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன.

நான்கும் தளர்ந்ததும் டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளுங்கள். பெல்ட் தொய்யும். முதலில் டைனமோ புல்லியிலிருந்து கழற்றி, பிறகு விசிறி இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி எடுங்கள்.

இப்போது புதுப் பெல்ட்டை எடுக்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெல்ட் இல்லாத இந்த ஐந்து நிமிஷம் மறுபடி கிடைக்காது. வாட்டர் பம்ப்பை விசிறியோடு கையால் சுற்றுங்கள். கரகரவென்று உணர்ந்தால் பேரிங் போகிறது. விசிறியின் எதிரெதிர் நுனிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், தெளிவாக ஆடினால் பம்ப்பை இப்போதே கழற்றுங்கள். பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் துரு நிறத்தில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் உள் சீல் போய்விட்டது. டைனமோவைச் சுற்றுங்கள், தடையின்றிச் சுழன்று மெல்ல நிற்க வேண்டும். அதன் பின்மூடியின் நடுவில் எண்ணெய் விடும் துளை ஒன்று உண்டு. இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில், அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் கம்யூட்டேட்டரில் போய்ப் பிசுக்காகும். அந்தத் துளையை ஆயுசுக்கும் யாரும் தொடாத வண்டிகளே அதிகம். டைனமோ புஷ் தேய்வதற்கு முதல் காரணம் அதுதான்.

பள்ளங்களைத் துணியால் துடைத்து, உள்சுவரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருகி முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது மூழ்கி, பிறகு உலர்த்தி எடுத்த வண்டி என்றால் புல்லிச் சுவரில் துரு சொரசொரவென்று இருக்கும். அது உப்புத்தாள் போலப் புதுப் பெல்ட்டைத் தின்றுவிடும். மெல்லிய எமரித் தாளால் வழவழப்பாகத் தேய்த்து எடுங்கள். ஆழமாகக் குழி விழுந்திருந்தால் புல்லி மாற்ற வேண்டியதுதான். கிராங்க் புல்லிக்குப் பின்னால் எஞ்சின் ஆயில் கசிந்திருந்தால் அதையும் சீல் மாற்றி நிறுத்துங்கள். கசிகிற எண்ணெயில் எந்தப் பெல்ட்டும் நிலைக்காது.

மாட்டும்போது எடுத்ததற்கு எதிர்வரிசை: விசிறி இறக்கைகளைத் தாண்டி, வாட்டர் பம்ப், கிராங்க், கடைசியில் டைனமோ. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். பெல்ட்டின் உள்ளே ஓடும் நூல்கள்தான் இழுவையைத் தாங்குபவை. நெம்பும்போது இரண்டு நூல் அறுந்தாலும் வெளியே தெரியாது. மூன்று மாதம் கழித்து நெடுஞ்சாலையில் தெரியும். கையால் ஏறவில்லை என்றால் பெல்ட் சிறியது, அல்லது டைனமோ முழுசாக உள்ளே வரவில்லை.

பெல்ட் உட்கார்ந்ததும் நேரான இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துக் கோடு பாருங்கள். டைனமோ புல்லி முன்னேயோ பின்னேயோ நின்றால் பிராக்கெட்டில் வாஷர் சேர்த்துச் சரி செய்யலாம்.

எவ்வளவு இறுக்குவது

என் அனுபவத்தில் நம் ஊர் பழைய கார்களில் தொய்வால் கெட்டதைவிட அதிக இறுக்கத்தால் கெட்டதுதான் மிகுதி. கத்தல் கேட்டால் இறுக்கு, மறுபடி கத்தினால் இன்னும் இறுக்கு என்பது பழக்கமாகிவிட்டது. "சார், நல்லா டைட் வெச்சுட்டேன், இனி சத்தமே வராது" என்று பட்டறையில் சொன்னால் நமக்கும் நிம்மதி. சத்தம் வராது என்பது உண்மை. ஆனால் அந்த இழுவை முழுவதும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கிலும் டைனமோவின் முன் பேரிங்கிலும் ராப்பகலாக ஏறி உட்கார்ந்திருக்கும். வண்டி ஷெட்டில் சும்மா நின்றாலும் அந்தப் பாரம் இறங்காது. என் வண்டியில் நானே அப்படி இறுக்கி, அடுத்த கோடைக்குள் பம்ப் பேரிங்கை இழந்தேன். விரிசல் விட்ட பெல்ட்டை மாற்றியிருக்க வேண்டிய இடத்தில் இறுக்கினேன். பெல்ட்டின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்துக் கற்ற பாடம் அது.

அதற்குப் பிறகுதான் சேலையூரில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் என் கையைப் பிடித்து, கட்டை விரலை பெல்ட்டின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். "தம்பி, பெல்ட்டு வீணைக் கம்பி இல்ல. கொஞ்சம் கொடுக்கணும்" என்றார். இரண்டு புல்லிகளுக்கு இடையே மிக நீளமான ஓட்டம் எதுவோ, அதன் நடுவில் கட்டை விரலால் மிதமாக அழுத்த வேண்டும். அம்பாசடரில் அரை அங்குலம், ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அமுங்கினால் சரி. ஹெரால்டில் அரையிலிருந்து முக்கால் அங்குலம் வரை, அதாவது 13 முதல் 19 மில்லிமீட்டர், விடலாம். உங்கள் வண்டியின் கையேடு இருந்தால் அதில் சொன்ன அளவே கடைசி வார்த்தை. கண் மதிப்பு வேண்டாம், பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை செய்தால் விரலே சொல்லும்.

இறுக்கும் முறை இது: ஸ்லாட் போல்ட்டை டைனமோ நகரும் அளவுக்கு மட்டும் பிடித்து வையுங்கள். சுத்தியல் காம்பை எஞ்சினுக்கும் டைனமோவின் முன்மூடிக்கும் நடுவே வைத்து மெல்ல வெளியே தள்ளுங்கள். டைனமோவின் நடு உடம்பில் காம்பை ஊன்ற வேண்டாம். அளவு வந்ததும் அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லாட் போல்ட்டை இறுக்கி, பிறகு பட்டையின் மறுமுனை, கடைசியில் கீல் போல்ட்டுகள் இரண்டும். எல்லாம் இறுகிய பிறகு மறுபடி விரல் வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறுவது சகஜம்.

இன்னொரு சோதனை: டைனமோ புல்லியின் முன்னால் காற்றுக்காக இருக்கும் சின்ன இறக்கையைக் கட்டை விரலால் தள்ளுங்கள். லேசாகத் தள்ளியதும் புல்லி பெல்ட்டுக்குள் வழுக்கிச் சுழன்றால் தொய்வு. எஞ்சினையே அசைக்கப் பார்த்தால் போதுமான பிடிப்பு.

அட்டையை எடுத்துவிட்டு, எர்த் கேபிளை மாட்டி, ஸ்டார்ட் செய்யுங்கள். கழுத்துத் துண்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் விசிறி பக்கம் போகக் கூடாது. எஞ்சினை ஐடிலிங்குக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மல்ட்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தது இப்போது 13.5க்கும் 14.5க்கும் நடுவே வர வேண்டும். வராவிட்டால் பெல்ட்டை மேலும் இறுக்காதீர்கள். டைனமோவின் கார்பன் பிரஷ்ஷையும் கட்-அவுட் பெட்டியையும் பார்க்க வேண்டும். அது ஒன்பதாம் அத்தியாயம்.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்களுக்கு

சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ்-டிவிஎஸ் ஆலை இருப்பதால் இங்கே ஆல்டர்னேட்டர் கிடைப்பது சிரமம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஹெட்லைட்டோடு நத்தை வேகத்தில் போகும் வண்டிக்கு அது உண்மையிலேயே உதவும். டைனமோ குறைந்த வேகத்தில் சரியாக சார்ஜ் தராது. எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் முதலில் அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிட்டுத்தான் ஆல்டர்னேட்டரை இணைக்க வேண்டும். தலைகீழாக இணைத்தால் அதற்குள் இருக்கும் டயோடுகள் அந்தக் கணமே போய்விடும். இரண்டாவது, பல ஆல்டர்னேட்டர்களுக்கு டாஷ்போர்டு சிவப்பு விளக்கு வழியாகத்தான் முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் சார்ஜே தொடங்காது, எச்சரிக்கையும் வராது. மூன்றாவது இந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது: ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லியின் வாயகலம் உங்கள் கிராங்க் புல்லியோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு புல்லியில் மிதந்தும் இன்னொன்றில் முங்கியும் ஓடும் பெல்ட் ஒரு மழைக்காலம் தாங்காது. பழைய டைனமோ புல்லியை ஆல்டர்னேட்டர் தண்டுக்குப் பொருத்தமாகக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் இந்தப் பக்கத்தில் உண்டு.

வழியில் அறுந்தால்

துப்பட்டாவைக் கட்டலாம், கயிறு கட்டலாம் என்று சொல்வார்கள். முடிச்சு புல்லிப் பள்ளத்தில் உட்காராமல் சிக்கி, விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதை நம்பாதீர்கள். டிக்கியில் ஸ்பேர் பெல்ட்டும் இரண்டு ஸ்பானரும் இருந்தால் முக்கால் மணி நேர வேலை. சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். ஸ்பேர் பெல்ட்டை வளைத்து ஆணியில் தொங்கவிடாமல், தளர்வான வட்டமாக, துணிப்பையில் போட்டு, பெட்ரோல் வாடை படாத இடத்தில் வையுங்கள்.

முதல் ஓட்டம்

புதுப் பெல்ட் முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், பள்ளத்தில் நன்றாக இறங்கி உட்காரும். அதனால் இன்று வைத்த அளவு அடுத்த வாரம் இருக்காது. இதைச் சொல்லாமல் வண்டியைக் கொடுத்துவிடுவதால்தான் புதுப் பெல்ட்டும் கத்துகிறது என்ற புகார் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில், கிளாம்பாக்கம் பேருந்து நிலைய நெரிசல் தொடங்கும் முன், தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போய் வாருங்கள். போக வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பெருங்களத்தூரில் அந்த வண்டி பிறந்த இடத்தைக் கடந்துதான் போவீர்கள். அடுத்த ஞாயிறு இன்னொரு நடை. எஞ்சின் முழுசாக ஆறிய பிறகு மறுபடி கட்டை விரல், மறுபடி ஸ்கேல். தேவையான அளவு மட்டும் இழுத்து, போல்ட்டுகளை இறுக்குங்கள். பிறகு வண்டியின் நோட்டில் தேதி, கிலோமீட்டர், பெல்ட்டின் அகலம், நீளம், கம்பெனி, எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று எழுதி வையுங்கள். பழைய பெல்ட்டைக் குறுக்காக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாக விட்டால் யாராவது ஒருவர் அதை ஸ்பேர் என்று எடுத்து வைப்பார்.